ஏரிக்கரை மேட்டில் ஒன்பது பேர்

ஒரகடத்திலிருந்து படப்பைச் சந்தைக்கு ஆளும் கூடையும் ஏற்றி ஓட்ட ஒரு பழைய கார் வேண்டுமென்று, இருந்த இரண்டு எருமைகளையும் தணிகாசலம் விற்றுவிட்டான். கார் சரியில்லையென்றால் திரும்பிப் போய்க் கறக்க ஒன்றுமில்லை. துணைக்கு நான் போனேன்.

ஸ்ரீபெரும்புதூர் புரோக்கர் பாண்டுரங்கனிடம் இரண்டு கார்கள் நின்றன. வெள்ளை பெட்ரோல் வண்டி, ஐம்பது குதிரைத்திறன். கறுப்பில் ஏதோ வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின், நாற்பதுதான். எங்கள் பக்கம் கார் பார்ப்பதென்றால் தண்டலம் வரை ரோட்டில் விரட்டிப் பார்ப்பது. வெள்ளையின் வேகமுள் தொண்ணூறைத் தொட்டது. கறுப்பு அறுபதுக்கே நடுங்கியது. வெள்ளைதான் என்று பாண்டுரங்கன் வெற்றிலைத் தட்டை எடுத்துவிட்டார். வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் வியாபாரம் முடிந்தது, அப்புறம் பேச்சில்லை.

மோட்டார் பத்திரிகை படிக்கிற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், இதுல எத்தினி பேர ஏத்துவ?"

"ஒம்போது. கூடைங்க தனி."

"இப்ப மூணு பேரு சமதரையில போய்க்கினு வந்துருக்கோம்."

குதிரைத்திறன் என்பது எஞ்சின் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கிறது என்ற கணக்கு. நிற்கிற வண்டியைப் பாரத்தோடு கிளப்புவது டார்க், சக்கரத்தைத் திருப்புகிற முறுக்கு. வெள்ளை அலறிச் சுற்றினால்தான் அந்த ஐம்பது வரும். கறுப்பு மெதுவாகச் சுற்றும்போதே முறுக்கிக் கொடுக்கும். எல்லாம் சொன்னேன்.

"அம்பது பெர்சா, நாப்பது பெர்சாடா?" என்றான்.

இரண்டு வண்டியையும் ஏரிக்கரை மேட்டடிக்குக் கொண்டுபோக வைத்தேன். படப்பைச் சந்தைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்த ஞானம்மாவும் மற்ற கத்தரிக்காய்க்காரிகளும் கூப்பிட்டதும், ஒன்பது பேராகக் கூடையோடு வெள்ளையில் ஏறிக்கொண்டார்கள். இடமில்லாமல் வெற்றிலைத் தட்டு ஞானம்மா மடிக்குப் போனது.

வெள்ளை உறுமியது, கிளட்ச் தீய்ந்த வாடை வந்தது, பாதி மேட்டில் அணைந்து பின்னால் உருண்டது. பெண்கள் திட்டிக்கொண்டே இறங்கிக் கறுப்புக்கு மாறினார்கள். அது அவசரப்படவில்லை. தடதடவென்று மாடு நடக்கிற வேகத்தில் கரை ஏறி நின்றது.

தணிகாசலம் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பார்த்தாயிற்று, எல்லோரும் இறங்குங்கள் என்ற பாண்டுரங்கனை ஞானம்மா முறைத்தாள்.

"மேட்டுல ஏத்திட்டு எறங்குன்னா இன்னா நாயம்? படப்பைக்கு வுடு."

வெற்றிலையைக் கொடுங்கள், மாற்றிக்கொள்கிறோம் என்றான் தணிகாசலம். தட்டில் பாக்கு மட்டும் இருந்தது. வெள்ளை பின்னால் உருண்டபோதே வெற்றிலையைப் பெண்கள் பயத்தில் மென்றுவிட்டார்களாம்.

பாண்டுரங்கன் பாக்கை மட்டும் கொடுத்தார்.