சூடு ஆற்றுகிறவர்கள்

"சொல்ற வார்த்தையைச் சிரிச்ச முகமா சொல்லணும். இழவு வீட்டுல நிக்கிற மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா யாரு நம்புவாங்க?" என்றார் தரகர்.

மடிப்பக்கா கழுவிய சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளொன்றுக்கு நானூறு படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கயிறு கட்டிய ஐந்து மூட்டைகள் சுவரோரம் இருந்தன. ரொட்டி வண்டி ஓட்டும் அவள் புருஷன் ஆறாவது மூட்டையின் மேல் முழங்காலை வைத்து அழுத்தி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். வாசற்படியில், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, வீட்டுக்குச் சொந்தக்காரியான டீச்சரம்மா நின்றார்.

"மணி பத்தாகப் போகுது. அவங்க வந்துடுவாங்க. ஜன்னலைத் திறந்து விடும்மா, வெளிச்சம் வரட்டும்" என்றார் டீச்சரம்மா.

அவர் இந்த மாடிவீட்டுக்குள் காலெடுத்து வைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாதாமாதம் வாடகை வாங்க வருவார். எட்டாவது படியோடு நின்றுவிடுவார். அங்கிருந்தே கையை நீட்டுவார். முப்பது வருஷம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். சாவு விழுந்த வீடென்ற பயம் வாடகைப் பணத்திடம் மட்டும் கிடையாது, அது எந்த வீட்டிலிருந்து வந்தாலும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கலாம்.

இந்த வீட்டில் செத்தவள் ஒரு தட்டச்சுக்காரி. தனியாள். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவள் சமையலறையில் விழுந்து, செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடிக்கப்பட்டாள். அந்த நகரத்தில் இப்படிச் சாவு விழுந்த வாடகை வீட்டை முழு வாடகைக்கு எடுக்க யாரும் வரமாட்டார்கள். படித்தவர்களும் வரமாட்டார்கள்; காற்றோட்டம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வேறு போக்கில்லாத ஒரு குடும்பத்தைப் பிடித்து, பாதி வாடகைக்கு ஒரு வருஷம் குடிவைப்பார்கள். அந்தக் குடும்பம் அங்கே சமைத்து, தூங்கி, சண்டை போட்டு, பிள்ளையின் காய்ச்சலுக்குக் கண்விழித்து, வீட்டைப் பழையபடி வீடாக்கிக் கொடுக்கும். தரகர்கள் இதை 'சூடு ஆத்துறது' என்பார்கள். வருஷம் முடிந்ததும் அந்தக் குடும்பம் மூட்டை கட்ட வேண்டும். போவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். முழு வாடகைக்கு வருகிறவர்கள் முன்னால் நின்று, "ஒரு குறையும் இல்ல, தாராளமா வாங்க" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முன்பணம் திரும்பக் கைக்கு வரும்.

மடிப்பக்கா குடும்பத்துக்கு இது மூன்றாவது வீடு. புருஷன் பெண்டாட்டி இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பத்துப் பங்காக்கினால், இப்படிப்பட்ட வீட்டின் முழு வாடகைக்கு ஆறு பங்கு போகும். மீதி நாலில் மூன்று பேர் சாப்பிட்டு, பஸ் ஏறி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டி, உயிரோடும் இருக்க வேண்டும். பாதி வாடகை என்றால் மூன்று பங்கு. மூன்று பங்கில் மனுஷராக வாழ முடிந்தது. அதற்காகத்தான் செத்தவர்கள் விட்டுப்போன இடத்திலெல்லாம் போய்ப் பாய் விரித்தார்கள்.

அவர்களுடைய மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வீட்டுக்கு மூன்று பள்ளிக்கூடம் மாறியவள். இந்தப் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். இங்கேதான் முதல்முறையாக அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். போன மாதம் வகுப்பில் வீட்டிலுள்ளவர்களைப் படம் வரையச் சொன்னபோது அவள் நாலு பேரை வரைந்திருந்தாள். நாலாவது யார் என்று அம்மா கேட்டாள்.

"டைப்பிஸ்ட் ஆன்ட்டி. நம்ம வீடுதானே அவங்களுக்கும்?"

மடிப்பக்கா அந்தப் படத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். தட்டச்சுக்காரி மடிப்பக்காவைப் பயமுறுத்தியதே இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் அவள் அழகான கையெழுத்தில் பால்காரர், எலக்ட்ரீஷியன் எண்களை எழுதி வைத்திருந்தாள். குட்டையான பெண்ணாக இருந்திருக்க வேண்டும், எல்லா ஆணியும் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. குழந்தை தன் புத்தகப்பையை மாட்டுவதற்கு அவை வசதியாகப் போயின. பாவம், யாருக்கோ அடித்து வைத்த ஆணி போல.

இன்று காலையில்தான் தரகர் அந்தச் செய்தியைச் சொன்னார். தேநீரை உறிஞ்சிக்கொண்டே, வெகு சாதாரணமாக.

"அடுத்த வீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்களுக்குப் பழகின வீடே காலியாயிருக்கு. அந்த நீல கேட்டு வீடு. சாமானை எங்க வைக்கணும்னுகூட நீங்க யோசிக்க வேணாம்."

"நாங்க போன வருஷம் இருந்த வீடா? அங்கதான் அந்தக் கண்ணாடி போட்ட தம்பி குடியிருக்காரே?"

"இருந்தாரு."

குடோனில் கணக்கெழுதும் வேலை அவருக்கு. வாடகைக்கே சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிறது என்று ராத்திரி காவல் வேலையும் சேர்த்துக்கொண்டாராம். ஒருநாள் காலையில் வந்து ஷூ கயிற்றை அவிழ்க்க நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயது. ஒரு கால் ஷூ அவிழ்ந்தும் ஒரு கால் ஷூ அவிழாமலும் இருந்ததாம்.

"அவர் சம்சாரம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடுச்சு. அந்த வீட்டைத் திரும்ப ஆத்தணும். உங்களை விட்டா அதுக்கு யாரு?" என்று தரகர் சிரித்தார்.

அப்போதிலிருந்து மடிப்பக்காவின் காதில் ஒரு குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மூட்டை கட்டும்போதும் கேட்டது, சட்டி கழுவும்போதும் கேட்டது. தோளில் தூங்கும் பெண் குழந்தையோடு நீல கேட்டருகே நின்று, கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, அந்தத் தம்பி கேட்ட கேள்வி அது. "அக்கா, நீங்க ஒரு வருஷம் இருந்திருக்கீங்க. இங்க ஏதாவது இருக்கா? உங்களை நம்பிக் கேக்கறேன்."

அவள் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஒரு குறையும் இல்ல தம்பி, தாராளமா வாங்க. எங்க பொண்ணு இங்க நல்லா தூங்குனா.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு முன்பணத்தை வாங்கிக்குவோம்" என்று புருஷன் காதருகே முணுமுணுத்தான். கெட்டவன் இல்லை, களைத்தவன்.

வந்தவர்கள் இளம் ஜோடி. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள், ஏழாவது மாதம். மாடியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. டீச்சரம்மா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே வந்து, சுவரில் எங்கும் பட்டுவிடாமல், அறைகளைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஜன்னல் பிடித்துவிட்டது. "தொட்டிலை இங்க போடலாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். சொன்னபோது முகமெல்லாம் மலர்ந்தது. அதைப் பார்க்க மடிப்பக்காவுக்குத் தாங்கவில்லை.

"இங்க ஒருத்தங்க தவறிட்டாங்கன்னு தெருவுல சொன்னாங்க" என்று அந்தப் பையன் இழுத்தான்.

தரகர் இதற்காகவே காத்திருந்தவர் போல் முன்னால் வந்தார். "எந்த வீட்டுலதான் தம்பி சாகாம இருக்காங்க? அதோ, ஒரு வருஷம் குடியிருந்தவங்களே நிக்கிறாங்க. அவங்க வாயாலேயே கேட்டுக்கங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அக்கா, இங்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் பெண். அதே கேள்வி.

மடிப்பக்கா வாயைத் திறந்தாள். பழகிய வார்த்தை தானாக நாக்கின் நுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா. இங்க செத்துப் போனவங்க நல்ல மனுஷி. அவங்களால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது" என்றாள்.

டீச்சரம்மாவுக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க ரெண்டு பேர் சம்பளம் பத்துப் பங்குன்னா, இந்த வாடகைக்கு எத்தனை பங்கு போகும்?" என்று மடிப்பக்காவே தொடர்ந்து கேட்டாள்.

"ஆறு," என்றான் பையன். கொஞ்சம் யோசித்து, "தண்ணி, கரண்டு சேத்தா ஆறரை. இவ பிரசவத்துக்கு லீவு போட்டா..." அவன் பெண்டாட்டியின் வயிற்றைப் பார்த்தான்.

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ராத்திரிலயும் ஏதாவது வேலை பாக்கலாம்னு..."

"ஏம்மா, உன்னைக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு!" என்று தரகர் குறுக்கிட்டார்.

"அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்." அவள் அந்த ஜோடியின் பக்கமே திரும்பி நின்றாள். "போன வருஷம் இதே மாதிரி ஒரு தம்பி கேட்டுச்சு. தாராளமா வாங்கன்னு சொன்னேன். அப்படிச் சொன்னாத்தான் எங்க முன்பணம் எங்களுக்கு வரும். அந்தத் தம்பி வந்துச்சு. பகல் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை. நேத்து வரைக்கும் நல்லா இருக்கும்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். ஷூவைக் கழட்ட உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லியாம். அந்தப் புள்ளை தோள்ல தூங்கிக்கிட்டிருந்தது எனக்குக் கண்ணுலயே நிக்குது. தாராளமா வாங்கன்னு நான் இனிமே யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. கர்ப்பிணிப் பெண் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். "யோசிச்சுட்டுச் சொல்றோங்க" என்று பையன் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். இருவரும் படியிறங்கினார்கள்.

"கெடுத்தியே!" தரகர் தலையில் கைவைத்தார். "சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுடும். முழு வாடகைக்கு இனி எவன் வருவான்? ஆறின வீட்டைத் திரும்பக் கொதிக்க வெச்சுட்டியே!"

"எனக்கு இந்த வாடகைதான் மருந்து, மாத்திரை எல்லாம்" என்றார் டீச்சரம்மா. அழுகிற மாதிரி இருந்தது. "ஊர்ல எல்லாரும் வாங்கறதைத்தானே நானும் கேக்கறேன்? என்னமோ நான் கொலை பண்ண மாதிரி பேசறே."

"உங்களைச் சொல்லல டீச்சரம்மா. நானும் சேந்துதான் பண்ணேன்."

டீச்சரம்மா வெறும் சுவர்களைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். பூட்டிக்கிடக்கும் வீடு ஒரு காசு தராது என்பது முப்பது வருஷம் கணக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தெரியும். இந்த வீட்டில் இன்னொரு வருஷம் தூங்கக்கூடியவர்கள் ஊரில் இவர்களைத் தவிர வேறு யார்?

"சரி, இருந்து தொலைங்க. பழைய வாடகையே குடுங்க" என்று வாசற்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டு சொன்னார். எட்டாவது படி வரைக்கும் கைப்பிடியைத் தொடாமலே இறங்கினார்.

புருஷன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் குனிந்து, கடைசியாகக் கட்டிய மூட்டையின் முடிச்சைப் பல்லால் அவிழ்க்க ஆரம்பித்தான். மகள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு இதே வீட்டுக்கு வருவாள். பையை அந்தக் குட்டை ஆணியில் மாட்டுவாள். மடிப்பக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் கீழே தரகரின் குரல் கேட்டது. அவர் எப்போது நழுவினார் என்றே தெரியவில்லை.

"தம்பி, நில்லுங்க! ஆறு பங்கு முடியாதுன்னா பரவால்ல. பாதி வாடகையில ஒரு வீடு கைவசம் இருக்கு. நல்ல காத்து, நீல கேட்டு. ஒரு வருஷத்துக்குத்தான். ஒரே ஒரு விஷயம், அங்க கொஞ்ச நாள் முன்னாடி..."

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் அந்த ஜோடி நின்றுவிட்டிருந்தது. பெண் புருஷனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவன் விரல்விட்டு எண்ணினான். பத்தில் மூன்று. தொட்டிலுக்கு, பாலுக்கு, டாக்டருக்கு மிஞ்சும். அவர்களை வேண்டாம் என்று தடுக்க மடிப்பக்காவுக்கு எந்த வாயும் இல்லை. இவளும் இப்படித்தான் முதல் வீட்டுக்குப் போனாள், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். தரகர் தடுப்பதற்குள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, போறதுன்னா போ. செத்தவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. புள்ளை பொறந்து அங்க தவழட்டும், நல்லா இருங்க." அவளுக்கு மூச்சிரைத்தது. "ஆனா வருஷம் முடியறன்னைக்கு உன்னை வாசல்ல நிக்கவெச்சு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுவாங்க. முன்பணத்தைக் கையில வெச்சுக்கிட்டே கேப்பாங்க."

"என்ன வார்த்தைக்கா?"

"அது உனக்கே தெரியும். அதை மட்டும் சொல்லிடாத."