முதுகு மட்டும் தெரிந்தால் போதும்

என் வாழ்க்கையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக முதலில் என் மூக்குக்கண்ணாடியை வாங்கிப்போனார்கள். அடுத்து கையெழுத்தை. பிறகு ஆள் அனுப்பி என் இருமலைக் கேட்டார்கள். நானாக நடிப்பவருக்கு அது தேவைப்பட்டதாம். கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் இருமுவதில்லை.

நான் எழுதியது ஒரே ஒரு புத்தகம். பூவரசங்குளம் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் தீத்தாரப்பன். எழுபத்தொன்பதாம் வருஷம் ஒரு மத்தியான வேளையில் அவர் கடைக்குள் கொலையுண்டு கிடந்தார். கடையிலிருந்த எல்லா ரேடியோக்களும் பாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஸ்டேஷன். யார் கொன்றது, எதற்குக் கொன்றது, ஒன்றும் தெரியவில்லை. பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போன நான் இரண்டு வருஷம் அங்கேயே தங்கிவிட்டேன்.

ஊரில் எல்லோரும் எனக்கு அவரைப் பற்றிச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே சோறு போட்டார்கள். டீயைச் சுடச்சுடக் குடிப்பார். பல்லிக்குப் பயப்படுவார். வேலை செய்யும்போது பாடுவார். நடந்து வரும்போது ஒரு செருப்பு மட்டும் சத்தம் போடும். எந்த நண்பனையும், எந்தச் சேக்காளியையும் நான் அவ்வளவு தெரிந்துகொண்டதில்லை. ஆனால் அவரைப் பார்த்ததில்லை. நான் போய் இறங்கும்போது அவர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

கொலையாளி கடைசிவரை அகப்படவில்லை. அந்த இரண்டு வருஷம் போல நான் பிறகு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. இதைப் புத்தகத்தில் எழுதவில்லை. கொலையைப் பற்றிய புத்தகத்தில் இதை எங்கே எழுதுவது?

படப்பிடிப்புக்கு வரச் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறி பூவரசங்குளம் என்றேன்.

"இப்ப உள்ளதா, எழுபத்தொம்பதா?" என்றார் கண்டக்டர்.

"எழுபத்தொம்பது."

"அப்பம் பாலத்துக்கு முந்தியே எறங்கிக்கிடுங்க."

வற்றிய குளத்துக்குள் ஊரைக் கட்டியிருந்தார்கள். நான் மறந்துவிட்டதைக்கூட விடாமல் கட்டியிருந்தார்கள். மாவு மில்லின் சத்தம் இருந்தது. வறுத்த மல்லி வாசனை இருந்தது. வெயில்கூட அந்த வருஷத்து வெயில்தான். எனக்குச் சோறு போட்டவர்கள் தங்கள் தங்கள் வாசலில் நின்றார்கள். இவர்களில் அநேகம் பேருடைய சாவுக்கு நான் போய்வந்திருக்கிறேன்.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த நடிகரைப் பார்த்தார்கள். "வாங்க தம்பி, சாப்ட்டாச்சா?" என்றார்கள். அவர் இருமிவிட்டு, ஆச்சு என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

உதவி இயக்குநர் எபினேசர் குடையோடு ஓடிவந்தார். மழையும் இல்லை, குடையை விரிக்கவும் இல்லை.

"தீத்தாரப்பன் வேஷத்துக்கு ஆள் கெடைக்கல சார். யாரப் போட்டாலும் செருப்புச் சத்தம் சரியா வரல."

"அப்புறம்?"

"அவரையே கேட்டோம். சரின்னுட்டார்."

கடைத்தெருவில் நடந்தோம். நடக்க நடக்கத் தெரு நீண்டது. லென்ஸ் அப்படி என்றார் எபினேசர்.

தீத்தாரப்பன் கடையில் உட்கார்ந்து ஒரு பழைய ரேடியோவைத் திறந்துகொண்டிருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். நான் நினைத்ததைவிடக் குட்டை. இத்தனை வருஷமாக என் மனசு இந்த மனிதரைத் தேடியிருக்கிறது. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"என்ன செட்டு அண்ணாச்சி?" என்றார்.

"ரிப்பேருக்கு வரல. உங்களப் பத்திப் புத்தகம் எழுதினவன் நான். பிரமநாயகம்."

"என்னப் பத்தியா? எதுக்கு?"

"நீங்க இறந்துபோனதால."

"அது நாளைக்குல்லா?"

"ஆமா. நாளைக்கு."

அவர் ஸ்குருவை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். "புஸ்தகத்துல நான் நல்லா இருக்கனா?"

"நல்லா இருக்கீங்க. வேலை செய்யும்போது பாடுறீங்க."

"நானா? ரேடியோல்லா பாடும். நான் வாய அசைப்பேன், அவ்வளவுதான். பாட்டு படிக்கான்னு ஊர்ல நெனச்சுக்கிட்டாங்க."

நான் வாழ்நாளெல்லாம் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "உங்களக் கொன்னது யாரு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நாளைக்கு வந்தாத்தான் தெரியும்." பிறகு, தயங்கிக் கேட்டார். "அண்ணாச்சி, ரொம்ப வலிக்குமோ?"

டாக்டர் எழுதிய அறிக்கை எனக்கு மனப்பாடம். "இல்ல" என்றேன்.

மறுநாள் மத்தியானம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேடைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பேச நினைப்பதை எபினேசர் பேசினார்.

"கதவு திறக்குது சார். ஒருத்தர் உள்ள போறார். அது யாருன்னு உங்க புத்தகத்துல இல்ல."

"தெரியல. அதனால எழுதல."

"யாராவது போயாகணுமே. நீங்களே போயிடுங்க. மூஞ்சி வேண்டாம். முதுகு மட்டும் தெரிஞ்சா போதும்."

"என்னால முடியாது."

"அவர் சாகலன்னா உங்களுக்குப் புத்தகம் இல்ல. புத்தகம் இல்லன்னா படம் இல்ல. யோசிச்சுப் பாருங்க சார், இந்த ஊர்ல உங்களுக்கு ஒரு வேள சோறு போட்டிருப்பாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்த மனிதர் சாகாமலிருந்தால் எனக்கு இந்த ஊர் பஸ் ஜன்னலில் வந்துபோகிற ஒரு பெயர்ப் பலகை. இத்தனை பிரியமும் ஒரு சாவிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது.

"கையில என்ன கொண்டுபோகணும்?" என்றேன்.

"ஆயுதம் அகப்படலன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. வெறுங்கையோட போங்க."

ஆக்ஷன் என்றார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நேற்றுப் பார்த்த கடையாக அது இல்லை. ரயில் பெட்டியைப் போல நீண்டு போனது. இரண்டு பக்கமும் ரேடியோக்கள். கோடியில் தீத்தாரப்பன் எழுந்து நின்றார். நான் கிட்டே போகப்போக அவர் முகம் வெளுத்தது.

"நீங்கதானா அண்ணாச்சி?"

"நான்தான்."

"சொல்லியிருக்கலாமே, நேத்தே."

"நேத்து எனக்குத் தெரியாது."

அவர் நின்றுகொண்டே இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"சும்மா இருக்கதுக்கு இந்த ஒயரப் பிடிங்க" என்றார்.

பிடித்தேன். அவர் பற்றவைத்தார். ரேடியோ கரகரத்துப் பாடியது. அவர் வாயை அசைத்தார்.

வெளியே கட் என்ற சத்தம் கேட்டது. பிறகு, "சார், முடிஞ்சுதா?" என்றார் எபினேசர்.

நான் அடுத்த ரேடியோவை எடுத்துக் கொடுத்தேன். அது பாடத் தொடங்கியபோது என் புத்தகத்தின் முதல் வரி எனக்கு மறந்துபோனது. இன்னொன்று பாடியது. ஒரு அத்தியாயம் போனது. எனக்குப் பயம் வந்தது. எழுந்து கதவைப் பார்த்து நாலடி நடந்தேன்.

"போறீங்களா?" என்றார் தீத்தாரப்பன். தலையைத் தூக்காமல்தான் கேட்டார். கழுத்து மெலிந்திருந்தது. பின்மயிரை யாரோ கோணலாக வெட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "இன்னும் எத்தன செட்டு கெடக்கு?"

"கெடக்கு. நெறைய கெடக்கு."

ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஒன்றில் செய்தி, ஒன்றில் நாகஸ்வரம், ஒன்றில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். வெளியே எபினேசரின் குரல் மெலிந்து, மாவு மில்லின் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது. புத்தகத்தின் பெயரை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. வராதது பல் விழுந்த இடம் போல இருந்தது. நாக்கு அங்கேயே போய்வந்தது.

கடைசி ரேடியோவும் பாடியது. தீத்தாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வாங்க, ஒரு டீ குடிப்போம்."

பின்கதவு வழியாக வெளியே வந்தோம். ரேடியோக்களை நிறுத்தவில்லை. வாய்க்காலை ஒட்டி டீக்கடை இருந்தது. கடைக்காரர் ஆதிமூலத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தீத்தாரப்பன் செத்த கதையை ஒரு சாயங்காலம் முழுக்க அழுதுகொண்டே எனக்குச் சொன்னவர் அவர். இப்போது அவர் அழவில்லை. இரண்டு தம்ளரைக் கழுவினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவரு யாரு? வெளியூரா? என்ன சோலியா வந்திருக்காக?"

சொல்ல வாயெடுத்தேன். என்ன சோலி என்று எனக்குத் தெரியவில்லை.

தீத்தாரப்பன் சூடான டீயை ஒரு மடக்கு குடித்தார்.

"நம்ம சேக்காளி" என்றார். "அவருக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடும்."