ஆட்டுத்தலையும் அப்பாவின் குரலும்

குல்பாஷ் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தாள். மயிர் கருகும் வாடை அடுத்த தெருவையும் தாண்டிப் போயிருக்கும். கசாக் ஊரான பல்காஷில் சனிக்கிழமை காலை அந்த வாடை எந்த வீட்டிலிருந்து வருகிறதோ, அந்த வீட்டில் ஞாயிறு மதியம் விருந்து. தனியாக ஆள்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, மூக்கு நுனி, தாடை, கண்ணோரம் என்று ஒரு மயிர் மிச்சமில்லாமல் கருகிய பிறகு வெந்நீர் ஊற்றிக் கத்தியால் சுரண்டினாள். அம்மா இருந்தவரை இது அம்மாவின் வேலை. போன அக்டோபரில் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீடும் கத்தியும் இவள் கைக்கு வந்தன.

ஒவ்வொரு மே மாதமும் ஒரு சனி ஞாயிறு இப்படித்தான். தம்பி கெனெஸ் அஸ்தானாவிலிருந்து ரயிலில் வருவான்; இந்த முறை மாசமாயிருந்த மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். கெனெஸோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த செர்ஜான், மனைவி ஷினாரையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு கரகண்டாவிலிருந்து காரோட்டி வருவான். தின்பது, பால் ஊற்றிய தேநீர் குடிப்பது, பழைய படம் பார்ப்பது, மறுபடி தின்பது. அந்த இரண்டு நாளும் இந்த வீட்டில் யாருக்கும் வேறு வேலை கிடையாது, சமைக்கிறவளைத் தவிர.

பழைய படம் என்றால் அப்பா சார்சென் குரல் கொடுத்த படங்கள். தொண்ணூறுகளில் ஊர் மன்றத்தில் ஒரு வீடியோ கொட்டகை நடந்தது. எந்தெந்தத் தேசத்துப் படங்களோ ரஷ்ய மொழியில் வந்து இறங்கும். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டே மைக்கில் கசாக்கில் சொல்லிக் கேசட்டில் ஏற்றுவார். ஒரே ஆள், ஒரே மூக்கடைத்த குரல். கதாநாயகனும் அவரே, வில்லனும் அவரே, கண்ணீர் விடுகிற நாயகியும் அவரே, கூண்டுக்கிளியும் அவரே. முத்தக் காட்சி வந்தால் இருமுவார். வசனம் புரியாத இடத்தில் கொஞ்சமும் கூசாமல், “இங்க என்னவோ சொல்றான், முக்கியமில்ல” என்று தாண்டிப் போவார். கதை பிடிக்காவிட்டால் கதையையே திருத்திவிடுவார். புருஷனிடம் விவாகரத்து கேட்ட ஒருத்தியை அவர் சந்தைக்குப் போக அனுமதி கேட்டவளாக மாற்றிவிட்டார். சந்தைக்குப் போக எதற்கு இவ்வளவு அழுகிறாள் என்று ஊர்ப் பெண்கள் ஒரு வாரம் பேசினார்கள். குடும்பம் பிரிவதைத் திரையில்கூடப் பார்க்கச் சகிக்காத அந்த மனுஷன்தான், இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் கட்டட வேலை என்று ரஷ்யாவுக்குப் போனார். முதல் வருஷம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அப்பா உயிரோடிருப்பவன் பந்தியில் ஆட்டுத்தலைமேல் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால் அப்பாவைப் புதைத்துவிட்டேன் என்று நாலுபேர் அறியச் சொன்னதாகும். கெனெஸுக்கு வயது நாற்பத்தொன்று. எந்த விருந்தில் தலைத்தட்டு முன்னால் வந்தாலும், “எனக்கு அப்பா இருக்கார்” என்று இரண்டு கையாலும் தள்ளிவைப்பான். ‘எங்கே?’ என்று யாராவது கேட்டுவிட்டால் ஜன்னலைப் பார்ப்பான். இந்த வீட்டுப் பந்தியில், சின்ன வயதிலேயே தகப்பனை இழந்த செர்ஜான்தான் தலையை அறுத்துப் பங்கு வைப்பது வழக்கம்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் குல்பாஷுக்குப் போன் வந்தது. தெரியாத எண். “குல்பாஷா?” என்ற ஒரே சொல்லில் அந்த மூக்கடைத்த குரல். ரஷ்யாவில் ஓம்ஸ்கில் இருக்கிறாராம். அங்கே ஒரு குடும்பமும் இருக்கிறதாம். அம்மா போய் நாலு மாசம் ஆச்சு என்று இவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த எண்ணை அவள் பெயர் போட்டுச் சேமிக்கவுமில்லை, அழிக்கவுமில்லை. தம்பியிடம் சொல்லவுமில்லை. ரயில் வரும் நேரமெல்லாம் அம்மா வாசலுக்கு வந்து நின்ற இருபத்துநான்கு வருஷம் கண்முன்னால் நின்றது. அம்மா கண்மூடிய பிறகு வந்து பேசுகிற மனுஷனைத் தம்பிக்குத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதில் நியாயம் உண்டா என்று அவளையே கேட்டால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் மீன் சூப்பு குடித்துக் கால்நீட்டிக் கிடந்தபோது கெனெஸ் சமையலறைக்கு வந்தான். அவள் மறுநாளைக்கு மாவு விரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்குத் தலைய நானே அறுக்கலாம்னு இருக்கேன். செர்ஜான்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அவள் உருட்டுக்கட்டையை நிறுத்தவில்லை.

“கொழந்த பொறக்கப் போகுது. அதுக்கு முன்னாடி ஒரு முடிவு வேணும். அம்மாவுக்காகத்தான் இத்தன வருஷம் தட்டத் தள்ளிக்கிட்டுக் கெடந்தேன். இனிமே யாருக்காகத் தள்ளணும்?”

“மாவு காயுது. அந்தத் துணிய எடு” என்றாள்.

அவன் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் ‘எப்போதிலிருந்து தெரியும்?’ என்று கேட்பான். மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த அக்காவை அவன் எப்படிப் பார்ப்பான் என்று நினைத்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது. அம்மாவும் இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

மாலையில் திரையை இழுத்துவிட்டுப் படம் போட்டார்கள். செர்ஜான் கேசட்டுகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தான். பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைகளைக் கொறித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் முந்திக்கொண்டு சொன்னார்கள். கராத்தே வீரன் எதிரியை உதைக்கும்போது அப்பாவின் குரல் அலுப்போடு, “இந்தா வாங்கிக்கோ” என்றது. ஷினார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். செர்ஜானின் மகள், எல்லாரும் ஏன் ஒரே மாமா மாதிரிப் பேசுகிறார்கள் என்று கேட்டாள். குல்பாஷ் படத்தைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் மன்றத்துக்கு ஓடி, மைக்குக்குப் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பானே, அதே முகம். அவன் சிரிக்கவில்லை. அப்பா இருமும் இடத்தில் அவன் உதடும் சத்தமில்லாமல் இருமியது.

ஞாயிறு காலையிலும் சொல்ல நேரம் கிடைக்கத்தான் செய்தது. பானை கொதித்தது, வெங்காயம் அரிய வேண்டியிருந்தது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரிய தட்டில் மாவுத் துண்டுகள்மேல் கறி ஆவி பறந்தது. தனித்தட்டில் தலை. செர்ஜான் கத்தியைத் துடைத்துக் கெனெஸ் பக்கம் பிடியைத் திருப்பி நீட்டினான். இத்தனை வருஷம் தலையறுத்து உழைத்த தனக்கு ஓய்வூதியமாகக் கன்னக்கறியாவது கொடுக்க வேண்டும் என்று கேலி செய்தான். கெனெஸ் கத்தியை வாங்கித் தலைத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எல்லோரும் பிரார்த்தனைக்கு உள்ளங்கையை விரித்தார்கள்.

குல்பாஷ் மட்டும் விரிக்கவில்லை.

“கத்தியக் கீழ வைடா” என்றாள். “அப்பா இருக்கார்.”

ஷினார் மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். கெனெஸ் கத்தியைப் பிடித்தபடியே இருந்தான்.

“எங்க?”

“ஓம்ஸ்க்ல. பிப்ரவரில போன் பண்ணார்.”

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று அவன் மனசுக்குள் எண்ணுவது அவளுக்குத் தெரிந்தது. அவன் கத்துவான், எழுந்து போவான் என்று எதிர்பார்த்து, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். அவன் கத்தவில்லை. தலைத்தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

“என்னப் பத்தி எதாச்சும் கேட்டாரா?”

“ஒண்ணே ஒண்ணு கேட்டார். ‘தம்பி பந்தியில தலைய அறுக்கறானா?’ன்னார்.”

“நீ என்ன சொன்ன?”

“இல்ல, இன்னும் தள்ளித்தான் வைக்கறான்னேன். அப்புறம் அவரால பேச முடியல. போன வச்சிட்டார்.”

கெனெஸ் கத்தியை விரிப்பின்மேல் வைத்தான். கறி ஆறத் தொடங்கியிருந்தது. செர்ஜான் தலைத்தட்டைத் தன் பக்கம் இழுத்து, பிஸ்மில்லா சொல்லி, வழக்கம்போல முதலில் ஒரு காதை அறுத்து மகள் கையில் கொடுத்தான். அப்பன் சொல் கேட்க வேண்டிய சின்னவர்களுக்குத்தான் காது. இன்னொரு காதையும் அறுத்துவிட்டு, வீட்டில் வேறு குழந்தை இல்லையே என்று கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

கெனெஸ் கையை நீட்டினான். செர்ஜான் கொஞ்சம் தயங்கி அதை அவன் உள்ளங்கையில் வைத்தான். அவனும் அந்தச் சின்னப் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து, குருத்தெலும்பு நொறுங்கும் சத்தம் வெளியே கேட்க, மென்றுகொண்டிருந்தார்கள்.