பொதுமக்கள் சாட்சி

மகளிர் குழுத் தலைவி பெரியநாயகி போலீஸ் ஜீப்பில் ஏறிப் போனதைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. ஸ்டேஷனில் புதிதாக ஒரு திட்டம், ‘காவலரோடு ஒரு நாள்’ என்று. பொதுமக்களில் ஒருவர் ரோந்து வண்டியில் கூடவே போய், போலீசார் படும் பாட்டைக் கண்ணாரக் காண வேண்டுமாம். அவளும் பீங்கான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். புறப்படும்போது ஏட்டு கோதண்டபாணி நீட்டிய நாலு தாளிலும் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். குழுவுக்காக பேங்க்கில் படிக்காமலே போட்டுப் பழகிய கை.

பதினோரு மணிக்குப் பெண்ணாடம் ரோட்டில் ஒரு மினி லாரியை மடக்கினார்கள். ஓட்டி வந்த சாமிதுரை, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டபடி ஓடிவந்தான்.

“சார், கம்பெனிக்குப் போற களிமண்ணுங்க. பர்மிட்டு இருக்குது, பாருங்க.”

எஸ்.ஐ. பிரபாகரன் அந்தச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார். “ஆத்து மணல். வண்டிய ஸ்டேஷனுக்கு விடு.”

“ஐயோ சார், வண்டி போச்சுன்னா வூட்டுல அடுப்பெரியாதுங்க!”

ஸ்டேஷனுக்குள் போன வண்டியின் கதி ஊருக்கே தெரியும். வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்று, டயர் மக்கி, எஞ்சினுக்குள் எருக்கஞ்செடி முளைக்கும்.

பெரியநாயகிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதினெட்டு வருஷமாக மண்ணில் கை வைத்துப் பிழைக்கிறவளிடமா இந்தக் கதை? இறங்கிப்போய்த் தார்ப்பாய்க்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, விரல் கனத்துக்குத் திரித்து, வளையமாக வளைத்துக் காட்டினாள். ஒரு விரிசல் இல்லை.

“சார், மணலு இப்பிடி வளையுமா? இது பொம்மை செய்யற மண்ணு. தெரியாம புடிச்சிட்டீங்க.”

“தெரியும்மா. மாசக் கடைசி, மணல் கேஸு ரெண்டு கொறையுது. நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? ஜீப்புல உக்காருங்க.”

ஏட்டு ஜீப்பின் முகப்பில் தாளை வைத்துப் பறிமுதல் மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தவளுக்கு ரத்தம் கொதித்தது. மணல் ஏற்றி வந்ததை நேரில் கண்ட பொதுமக்கள் சாட்சி என்று அவள் கையெழுத்து, அடியில் பளிச்சென்று இருந்தது. காலையில் வாங்கிய நாலில் ஒன்று வெற்றுத் தாள்; அதைத்தான் மனுஷன் இப்போது நிரப்புகிறார்.

“அடப் பாவிங்களா! என் கையெழுத்த வச்சே இவன் பொழப்புல மண்ணப் போடறீங்களா?”

“கத்தாதீங்கம்மா. எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்” என்றார் ஏட்டு.

கத்தாமல் என்ன செய்வதாம்? கொஞ்சுவதா? தாளை வெடுக்கென்று பிடுங்கி நாலாகக் கிழித்தாள். புடவை கட்டிச் சிங்காரித்துக்கொண்டு வந்த தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

எஸ்.ஐ. அசரவில்லை. எதிரே டீக்கடை சிங்காரவேலைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவன் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தான். லாரி பக்கம் திரும்பவே இல்லை.

“எங்க சார் போடணும்?”

“போடாத சிங்காரவேலு, அது களிமண்ணு!” என்று பெரியநாயகி அலறினாள்.

“நமக்கு எதுக்குக்கா வம்பு?” என்று முணுமுணுத்துக்கொண்டே, ஏட்டு நீட்டிய புதுத் தாளில் போட்டுவிட்டுப் போனான்.

பெரியநாயகி ஜீப்பில் ஏறவில்லை. லாரிக் கதவைத் திறந்து சாமிதுரை பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

“அழுவாத தம்பி, வண்டிய எடு. அவங்களுக்கு அவன் சாட்சின்னா ஒனக்கு நான் சாட்சி. கோர்ட்டுல என்னக் கூப்புடு, வந்து சொல்றேன்.”