செத்ததாகக் குறித்த நீர்நாய்

பெங்களூரு பொம்மசந்திராவில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் காட்டைப் பார்க்கிறோம். மலேசியாவில் லங்காவிப் பக்கத்துத் தீவுகளில் கட்டிவைத்த கேமராக்கள் படம் அனுப்பும். அதில் இருப்பது நீர்நாயா, புனுகுப்பூனையா, காட்டுப்பன்றியா என்று குறிப்பதுதான் வேலை. என் பக்கத்து சீட் ரூபினிக்கு, அங்கே குட்டி போட்டிருந்த ஒரு நீர்நாய் மேல் கொள்ளைப் பிரியம். ஸ்ரீராம்புரத்திலிருந்து மெட்ரோ மாறி வந்து, பையைக்கூட இறக்காமல் அதைத்தான் தேடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அன்று காலை அந்தத் தாய் மணலில் மல்லாந்து கிடந்தது. அடுத்தடுத்து வந்த படங்களிலும் அப்படியே. மணிக்கணக்கில் அசையாத விலங்கை இறந்ததாகக் குறிப்பது எங்கள் விதி. ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டே குறித்தாள். தகவல் உடனே தீவுக்குப் போனது. தாயில்லாத குட்டிகளைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கப் படகு கிளம்பியது.

மத்தியானம் சாப்பாடு இறங்காமல் அந்தப் படங்களை மறுபடி திறந்தாள்.

"பிரபா, இந்த மர நிழலப் பாரு. காலைலயும் இங்கதான், இப்பவும் இங்கதானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயில் ஏற ஏற நிழல் நகர வேண்டாமா? கேமரா பழுதாகி ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. அந்தப் படம் எடுத்தபோது தாய் சும்மா வெயில் காய்ந்திருக்க வேண்டும்.

எங்கள் லீடர் எத்திராஜ் பதறிப்போய் போன் போட்டார். குட்டிகளைப் பிடிக்கப் படகில் போன தீவு ஊழியர் டிரேவருக்கு லைன் கிடைக்கவில்லை.

"கூண்டுக்குப் போனா, அம்மாகிட்ட திரும்ப விடுவாங்களா சார்?"

"கஷ்டம்மா."

அதற்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் டிரேவரே கூப்பிட்டார். அவர் அந்த ஊர்த் தமிழர்; பேச்சில் மலேசிய 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். எத்திராஜ் ஸ்பீக்கரில் போட்டார்.

"குட்டிங்கள பிடிச்சிட்டீங்களா அண்ணா?" ரூபினி போன் பக்கம் குனிந்து கேட்டாள்.

"எங்க லா பிடிக்கறது! வளைக்குள்ள கைய விட்டேன், அந்தத் தாய் பின்னால வந்து கடிச்சிருச்சு. குட்டியெல்லாம் அது கூடவே தண்ணிக்குள்ள போயிருச்சு. செத்துப்போச்சுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் அண்ணா. நல்லாவே கடிச்சிச்சா?"

"தையல் போட்டுட்டு உக்காந்திருக்கேன்மா!"

"அப்பாடா!" என்று ரூபினி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரு மனுஷன் கடிபட்டதற்காக எங்கள் ஆபீசே எழுந்து நின்று கைதட்டியது.