கிறகோரியின் முற்றத்துக்கு ஏறிவந்த படகு

கிறகோரியின் படகு கடற்கரையிலிருந்து வீட்டை நோக்கித் தானாக ஏறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. முதல் நாள் எண்பது மீற்றர் வந்தது. அதே நேரத்தில் அவருடைய மகள் ஆன்சலா, அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள், மேசைக் கணினியில் ஒரு கொம்பைலரை மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்கியிருந்தாள். காரணம் ஊருக்கே தெரியும். படகில் இருந்த இடங்காட்டும் ஜி.பி.எஸ். பெட்டி கரையைக் கடலென்றும் கடலைக் கரையென்றும் காட்டியதில் கிறகோரி மாசி மாதம் இரண்டு நாள் குடிக்கத் தண்ணீரில்லாமல் அலைந்து வந்தார். விற்றவர்கள், அந்த மொடலுக்கு இனிப் புரோகிராம் வராது, புதுப் பெட்டி வாங்குங்கள் என்றார்கள். ஆன்சலா புரோகிராமைத் தானே எழுதினாள். ஆனால் பெட்டியின் சிப் வேறு சாதி. கணினியில் ஓடுவது அதில் ஓடாது. கணினியில் இருந்துகொண்டே, எழுதிய புரோகிராமை அந்தச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கொம்பைலர் வேண்டும். அது ஆயத்தமாக எங்கும் கிடைக்கவில்லை. பெட்டியையோ படகோடு சேர்த்து ஃபைபரில் வார்த்திருந்தார்கள், கழற்ற வராது; புரோகிராமைப் படகில் ஏறித்தான் போட வேண்டும். பெண்கள் படகில் கால் வைப்பது அந்தக் கரையில் வழக்கமில்லை.

கொம்பைலருக்கு முதல் வேண்டிய கருவிகளான அசெம்பிளரும் லிங்கரும் முடிந்த அன்று படகு தேவாலயச் சந்தியைக் கடந்தது. முதற்கட்டக் கொம்பைலர் முடிந்தபோது மெயின் ரோட்டில் நின்றது. முல்லைத்தீவு பஸ் சுற்றிப் போனது. ஆன்சலாவின் கணினியில் பிழை விழுந்தால் படகு பின்னுக்கு வழுக்கியது. இருபது பேர் கயிறு போட்டுக் கடலுக்கு இழுத்துப் பார்த்துக் களைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் ஆன்சலா, தசமக் கணக்குப் போடத் தெரியாத சிப்புக்கு அது தெரியும் என்று எழுதிவிட்டாள். கொம்பைலர் குறை சொல்லாமல் கட்டி முடித்தது. படகு பக்கத்து வீட்டு மதலேனாவின் வளவுக்குள் ஏறியது.

"பிள்ளை, உன்ர தேப்பன்ர படகு என்ர கோழிக்கூட்டுக்கு மேல நிக்குது," என்றாள் மதலேனா வேலிக்கு மேலால். "படிச்ச படிப்புக்குச் சொந்த வீடு தெரியேல்லையோ?"

"கோழி தப்பிச்சுதோ மாமி?"

"ஓம், படகின்ர அணியத்தில ஏறி இருந்து முட்டையிடுது."

ஆன்சலா கட்டியதையெல்லாம் அழித்து முதலிலிருந்து தொடங்கினாள். அழவில்லை. ஒன்பதாம் நாள் கடைசி வரியும் பிழையில்லாமல் ஓடியபோது, படகு அவர்கள் வீட்டு முற்றத்தில் முருங்கைக்குக் கீழே நின்றது.

"பொம்பிளையள் கால் வைக்கிற சாமான் இல்லை இது," என்றார் கிறகோரி.

"உங்கட சட்டம் கரையிலதானே அப்பா? நான் அங்க வந்தனானோ? இதுதான் இங்க வந்தது."

கிறகோரி படகைப் பார்த்தார். அது அவள் ஏறுவதற்கு வசதியாக இடது பக்கம் சாய்ந்து கொடுத்தது.

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறு," என்றார்.

யன்னலால் வயர் இழுத்துப் புரோகிராமை ஏற்றினாள். பெட்டி முருங்கை நின்ற இடத்தை மீற்றர் பிசகாமல் காட்டியது. அன்றிரவே படகு வந்த வழியால் கரைக்கு இறங்கியது. கிறகோரி அடுத்த நாள் தொழிலுக்குப் போய், பனிமூட்டத்துக்குள்ளால் நேரே கரையில் தன் மீன்வாடிக்கு வந்து சேர்ந்தார்.

பிறகு அதே பெட்டி வைத்திருந்த முப்பத்தெட்டுப் படகுகளும் ஒவ்வொன்றாக வரிசையில் ஏறி வந்தன. எல்லாவற்றிலும் ஆன்சலா ஏறினாள். பன்னிரண்டாவது படகிலிருந்து செருப்போடு ஏறினாள். பிரதேச சபை மெயின் ரோட்டில், 'கவனம், படகுகள் கடக்கும் இடம்' என்று பலகை நட்டது. இப்போது பஸ் அதில் நின்று, படகு போன பிறகு எடுக்கும். சனம் போனிலிருந்து தலை நிமிர்த்துவதுமில்லை.