இரண்டு சின்ன ஹாரன்

"இன்னா நைனா, இன்னும் சாவலியா நீ?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே மோகன் கியரைத் தள்ளினான். முன்னால் நின்ற டிரெய்லர் ஒரு வண்டி நீளம் நகர்ந்திருந்தது. அந்த இடத்தை உடனே அடைக்காவிட்டால் பின்னாலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். போனில் 'நைனா' என்றுதான் வந்தது. எப்போதும் வருகிற காலை நேரம்தான். எப்போதும் வருகிற பதில்தான் வரவில்லை.

"மோகனு... அக்காடா." ரத்னாவின் குரல். "நைனா பூட்டாருடா. டீ குடுக்கலாம்னு எழுப்புனேன். எழுந்துக்கல."

அவன் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் நாற்பது அடிக் கன்டெய்னர் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தான் முதலில் சொன்னது அக்காவின் காதில் விழுந்திருக்குமா? விழாமல் எங்கே போகும்! ஸ்பீக்கரில் போட்டிருந்தால் வீடே கேட்டிருக்கும்.

அப்பனைப் பார்த்து இப்படிக் கேட்கிறானே, இவன் என்ன பிள்ளை என்று யாரும் அவசரப்பட்டு ஏச வேண்டாம். இது அப்பனும் பிள்ளையுமாகச் சேர்ந்து ஆடிய ஆட்டம். ஆரம்பித்து வைத்ததே அப்பன்தான்.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து பெட்டி ஏற்றி ஹார்பருக்கு வருகிற டிரெய்லர்கள் காசிமேட்டைத் தாண்டிக் கடலோரமாக வரிசை கட்டி நிற்கும். சில நாள் அரை நாள் நிற்கும், சில நாள் சோறு தண்ணி இல்லாமல் முழு நாளும் நிற்கும். ஒரு பக்கம் கருங்கல் பாறையும் கடலும், இன்னொரு பக்கம் மதில். உள்ளே போய்விட்டால் திருப்பவும் முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. யாருக்காகவும் வழி விடாத வரிசை அது. ஒரே ஒரு காரியத்துக்குத்தான் விடும். ஓட்டுகிறவன் வீட்டில் சாவு விழுந்தால் முன்னால் நிற்கிற அத்தனை பேரும் பாறைப் பக்கமாக ஒடித்து ஒதுங்குவார்கள். கண்ணாடியை மடித்துக்கொள்வார்கள். சாவு வண்டி இடுக்கில் புகுந்து போகும். தாண்டி முடித்ததும் இரண்டு சின்ன ஹாரன் அடிக்கும். வழி விட்டவர்கள் கையை வெளியே நீட்டுவார்கள். அவ்வளவுதான் பேச்சு. அந்த ரோட்டில் ஸ்டியரிங் பிடித்த எவனுக்கும் தெரிந்த வழக்கம் இது.

மோகனின் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தபோது முதல் நாளே லைனில் மாட்டிக்கொண்டான். அழாத குறையாக வீட்டுக்குப் போன் செய்தான். அப்பா ரகுபதி பீடியை இழுத்துக்கொண்டே சொன்னார்:

"நான் செத்துட்டேன்னு சொல்லிட்டு வாயேன்டா."

"இன்னா நைனா பேச்சு இது!"

"ஒரு பேச்சுக்குத்தானே. நான் இன்னா பாடையில ஏறிப் பட்த்துக்கவா போறேன்? பேத்தி காது பெருசா, நான் பெருசா?"

சொன்னான். வழி கிடைத்தது. அதன் பிறகு வாய் பழகிவிட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு தடவை, போன ஆடியில் ஒரு தடவை. அம்மா சுந்தராம்பாள்தான் தலையில் அடித்துக்கொள்வாள். ரகுபதிக்கோ கொண்டாட்டம். "ரெண்டு ஹாரன் அட்ச்சியா? சும்மாவா வழி வுட்டானுங்க? செத்தவனுக்கு வுட்டானுங்கடா. மரியாத முக்கியம்," என்பார். தினமும் காலையில் போன் செய்து, "இன்னிக்கி நான் உசுரோட கீறனா, இல்லியா?" என்பார். "இன்னும் சாவலியா நீ?" என்பது அதற்கு இவன் சொல்லும் வணக்கம்.

"எத்தினி மணிக்கு வருவ?" ரத்னா கேட்டுக்கொண்டிருந்தாள். "பொழுது சாயறதுக்குள்ள எட்த்துரணும்னு பெரியப்பா சொல்றாரு. நாளைக்கி கிருத்திகை. வல்லக்கோட்டைக்கு காவடி போறது நம்ப தெரு வழியாத்தான். ஊருல பொணத்த வெச்சிக்க மாட்டாங்க."

"வந்துடறேன்க்கா. நான் வராம எடுக்காதீங்க."

"நீதாண்டா கொள்ளி வெக்கணும்."

டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போன் போட்டான். மேனேஜர் தமிழ்வாணன் நல்ல மனுஷன். உச்சுக் கொட்டினான், வருத்தப்பட்டான், வழிதான் சொல்லவில்லை. "கேட் பாஸ் உன் பேர்ல, உன் போட்டோவோட இருக்குப்பா. வேற டிரைவர அனுப்பினா உள்ள விட மாட்டாங்க. நீ எறங்கிப் போயிட்டா பின்னாடி நிக்கிற மொத்த லைனும் மாட்டிக்கும். பெட்டிய மட்டும் உள்ள எறக்கிடு. அப்புறம் வண்டிய எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கே போ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மோகன் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் வளைவு வரைக்கும் பெட்டிகள், முன்னாலும் பெட்டிகள். இடப்பக்கம் அலை பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் இப்போதுதானா நினைவுக்கு வர வேண்டும்?

ரகுபதி இதே ஹார்பரில் கலாசியாக இருந்தவர். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டை கட்டி, கொக்கி மாட்டி, மேலே ஏற்றிவிடும் கூட்டத்தில் ஒருவர். லைனில் நிற்கிற பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்று போனிலேயே ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவார். "அந்தக் காலத்துல கப்பலு தூரத்துலயே நின்னுக்கும்டா. படவுல அலைய தாண்டித்தான் ஆளும் சரக்கும் கரைக்கி வரணும். அப்புறம் வெள்ளக்காரன் கடலுக்குள்ள கல்லப் போட்டு ரெண்டு கை மாரி செவுரு கட்டுனான். புயலு வந்து ஒடச்சிப் போட்ச்சி. திரும்பக் கட்டுனான். கட்டுன பிற்பாடு தெக்கால மணலு சேந்துச்சி, வடக்கால கடலு துன்ன ஆரமிச்சிது. அவங்களுக்கு மெரினாவுல காத்து, நம்பளுக்குக் கல்லு. நீ நிக்கிற எடத்துக்குக் கெழக்கால எங்க தாத்தா தெருவே இருந்துச்சாம். கடலு முழுங்கிட்ச்சி."

பெட்டிகள் வந்ததும் கலாசிகளுக்கு வேலை போனது. பெண்டாட்டி ஊரான வல்லக்கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தார். ஏரித் தண்ணீரில் நெல் போட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தவரின் வாசல் வழியாகவே பெட்டிகள் ஓடத் தொடங்கின. "நான் ஹார்பர வுட்டு ஓடியாந்தேன். அது என்னத் தொரத்திக்கினே வந்துட்ச்சிடா," என்று சிரிப்பார். கடைசியில் மகனும் அந்தப் பெட்டியைத்தான் இழுக்கப் போனான்.

பின் வண்டி மாரிமுத்து வந்து கதவைத் தட்டினான். தூத்துக்குடிக்காரன். ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கி ஓட்டுகிறவன்.

"என்ன அண்ணாச்சி, முன்னாடி ரெண்டு வண்டி எடம் கெடக்கு. உறங்கிட்டியளா?"

மோகன் கதவைத் திறந்தான். அந்த வார்த்தையைத்தான் அவன் முன்பே செலவழித்துவிட்டானே.

"அப்பா செத்துட்டாரு, மாரி."

மாரிமுத்து வாய் விட்டுச் சிரித்தான். "ஆடி மாசந்தான அவியளத் தூக்குனோம்? நானும் வழி விட்டம்லா! இன்னைக்கி என்ன, வீட்ல விசேசமா?"

அடுத்த வண்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள். "பொங்கலுக்கும் அவருதான்யா செத்தாரு," என்றான் ஒருவன். "பலே ஆளுப்பா உங்க அப்பாரு," என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். மோகன் அவர்கள்மேல் கோபப்படவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கோபப்படுவான்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதை மாரிமுத்துதான் முதலில் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அண்ணாச்சி... நெசமாவா?"

மோகன் தலையை மட்டும் அசைத்தான்.

"நான் நம்புதேன். ஆனா முன்னாடி நிக்கவன் பூரா நம்பணும்லா? முப்பது வண்டிக்கு மேல கெடக்கு. வீட்டுக்கு வீடியோ போடுங்க."

"அதுமட்டும் சொல்லாத மாரி. எங்க அப்பன் பொணத்த ரோட்ல காட்டி நான் வழி கேக்கவா?"

"வேற என்ன செய்வியோ? பொழுது சாஞ்சா என்ன செய்வியோ, சொல்லுங்க."

மோகன் வீடியோ போட்டான். ரத்னா எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது.

"யாருக்குடி காட்டணுமாம்?"

"லைன்ல நிக்கறவங்களுக்கும்மா. யாரும் நம்ப மாட்டேங்கறாங்களாம்."

"காட்டு," என்றாள் சுந்தராம்பாள். "நல்லா கிட்டக்க போய்க் காட்டு. இந்த தபா நெசம்னு சொல்லு."

படம் ஆடி ஆடி நின்றது. தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. ரகுபதி எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பவர் போலத்தான் இருந்தார். கூடியிருந்தவர்கள் தலையிலும் தோளிலும் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பொங்கல் பேச்சுப் பேசியவன், "மன்னிச்சிக்கப்பா," என்று முணுமுணுத்தான்.

மாரிமுத்து போனை வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு வண்டியாக ஏறி, கதவுக்குள் நீட்டி, காட்டி, இறங்கி, அடுத்த வண்டிக்கு ஓடினான். மோகன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் ஓர் அடி நகர முடியாத வரிசையில் அவன் அப்பா முன்னால் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பாறைப் பக்கமாக வண்டிகள் ஒடித்தன. கண்ணாடிகள் மடங்கின. மோகன் இடுக்கில் நுழைந்தான். கடைசி வண்டியைத் தாண்டியதும் மாரிமுத்து போனைக் கையில் திணித்தான். இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும். கையை ஹாரன்மேல் வைத்தான். அழுத்த முடியவில்லை. அப்படியே போனான். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்டுக்குள் போனால் மட்டும் விட்டுவிடுமா! உள்ளே கிரேனுக்கு ஒரு காத்திருப்பு. பெட்டியைத் தூக்கும்போது உச்சி வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வண்டியை எங்காவது விட்டுவிட்டு பஸ் பிடிக்கலாம் என்றால், டிரெய்லரை நிறுத்த இந்த ஊரில் இடம் ஏது? அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடித்தான். படப்பை வருவதற்குள் ரத்னா அழைத்துவிட்டாள்.

"எட்த்துட்டாங்கடா. சொல்லிப் பார்த்தேன், கேக்கல. பெரியப்பா மகன் கொள்ளிச் சட்டி புட்ச்சிக்கினு போறான். மெதுவா போங்கன்னு சொல்லியிருக்கேன். சீக்கிரம் வாடா."

வல்லக்கோட்டைச் சாலையில் திரும்பியபோது ஷிப்ட் விடுகிற நேரம். தொழிற்சாலை பஸ்கள் ஒரு பக்கம், சரக்கு ஏற்றக் காத்திருக்கும் டிரெய்லர்கள் ஒரு பக்கம். ஏரி மதகைத் தாண்டினான், சாலை ஒடுங்கியது, மாட்டிக்கொண்டான். பின்னால், மதகுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் சுடுகாடு. இறங்கி ஓடிவிடலாம் என்று கதவில் கை வைத்தான். அப்போதுதான் மேளம் கேட்டது. எதிரே ஊருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

முன் வண்டியிலிருந்து ஒரு தெற்கத்திப் பையன் இறங்கி ஓடி வந்தான். மோகனை அவனுக்குத் தெரியாது.

"அண்ணே, சாவு வண்டி வருது. ஒங்க வண்டிதான் குறுக்க நிக்கி. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து எடப்பக்கம் ஒதுக்குங்க, என்ன?"

கதவிலிருந்து கையை எடுத்தான். இவன் இறங்கிப் போனால் அப்பா போக முடியாது.

"வாங்க... வாங்க... ஒடிங்கண்ணே... போதும்," என்று பையன் பக்கவாட்டில் தட்டினான். பின் சக்கரங்கள் மண்ணில் இறங்கின. மோகன் எக்கிப்போய்த் தன் பக்கத்துக் கண்ணாடியை மடித்தான்.

முதலில் மேளம் போனது. பிறகு சட்டியைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா மகன். அவன் அண்ணாந்து பார்த்தான், பார்த்ததும் நின்றுவிட்டான். போ, போ, நிக்காதே, வரேன் என்று மோகன் கையைக் காட்டினான். அவன் நடந்தான். பின்னால் சாமந்திப்பூ ஜோடித்த சொர்க்க ரதம், ஆள் நடக்கிற வேகத்தில், ஜன்னலுக்கு நேர் கீழே வந்தது. மேலே மூடாத வண்டி. மோகன் இருந்த உயரத்திலிருந்து அப்பாவின் முகம் முழுசாகத் தெரிந்தது. கன்னத்தில் ஒரு பூ விழுந்து கிடந்தது. எட்டி எடுத்துவிட முடிகிற தூரமில்லை.

வண்டி மதகைக் கடந்தது. வரிசையில் நின்ற கடைசி டிரெய்லரைத் தாண்டியதும் ரதத்தை ஓட்டியவர் இரண்டு சின்ன ஹாரன் அடித்தார்.

மோகன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.